முன்னங்கால் சூடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பெங்களூர் ரேஸ் லாயத்தில் உன் கையில் மூன்று குதிரையை விட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். மூன்று அதிகம்தான். சேர்ந்த புதிதில் முடியாது என்றும் சொல்ல முடியாது. சரி, சமாளி.

குதிரையைத் தேய்த்துவிடும் மாலிஷ் எப்படிப் பண்ணுவது என்று போனில் கேட்டாய். அது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். விடியற்காலையில் உள்ளே போனதும் முதலில் தீவனத் தொட்டியைப் பார். ராத்திரி போட்ட ஓட்ஸ் மிச்சம் கிடந்தால் ஏதோ சரியில்லை. லத்தி போடாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றால் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மணி பார்க்காதே, டாக்டரை எழுப்பு.

அப்புறம் கால். காலில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்த்ததும், முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாணை, நாம் நரம்பு என்று சொல்வோமே, அதை மேலிருந்து கீழே தடவு. இரண்டு காலையும் தடவினால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதில் காயம் இருக்கலாம். 500 கிலோ உடம்பு பாய்ந்து ஓடும்போது, ஒரு கணம் மொத்தப் பாரமும் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்த நரம்பில் ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்தால் தேறி வர ஒரு வருஷம்கூட ஆகும்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. ஒரு ஊட்டி சீசனில், என் பொறுப்பில் இருந்த செம்மண் நிறப் பெண்குதிரைக்கு இடது காலில் லேசான சூடு. மறுநாள் ரேஸ். சொன்னால் கட்டு சரியாகக் கட்டவில்லை என்று திட்டு விழும், ஜெயித்தால் கிடைக்கிற இனாமும் போய்விடும். ஊட்டிக் குளிரில் என் கை சில்லிட்டிருக்கிறது, அதனால்தான் சூடாகத் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் கடைசித் திருப்பத்தில் அவள் நொண்டினாள். அப்புறம் ஓடவே இல்லை. முந்தின நாள் கால் எப்படி இருந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

2024-இல் ஊட்டி ரேஸ் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது என்று செய்தியில் பார்த்தபோதும் எனக்கு அந்தத் திருப்பம்தான் கண்ணில் நின்றது.

உனக்குச் சந்தேகமாக இருந்தால் ட்ரெய்னரிடம் சொல்லிவிடு. சும்மா பயந்தாய் என்று சிரித்தால் சிரிக்கட்டும். கை மரத்திருந்தால் கொஞ்ச நேரம் கக்கத்தில் வைத்துக்கொண்டு தடவு. மார்கழியில் அங்கேயும் குளிரும். பஸ்ஸில் ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கூடவே அம்மா எள்ளுருண்டை வைத்திருக்கிறாள். உனக்குத்தான், குதிரைக்கு இல்லை.

அப்பா