சாப்பாடு இல்லை என்று சொன்ன சமையல்காரர்

ரொறன்ரோ,
நவம்பர் 14

அன்புள்ள மகளுக்கு,

பத்தாம் திகதி இரவு உங்கள் வார்டில் யாரோ எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் மூழ்கிய அந்தப் பாட்டைப் போட்டார்கள், எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், உனக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை என்றாய். "ஒரே மெட்டு அப்பா, பல்லவிகூட இல்லை, ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார்" என்றும் சொன்னாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் ஒப்புக்கொள்கிறேன்: பல்லவி இல்லைதான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மெட்டுத்தான். அதை எழுதிப் பாடிய கனடாப் பாடகர் கோர்டன் லைட்ஃபுட் கெட்டிக்காரர். நினைத்திருந்தால் அழவைக்கிற பல்லவி ஒன்றைப் போட்டு, ஊர் முழுவதையும் சேர்ந்து பாடவைத்திருக்கலாம். இருபத்தொன்பது பேர் செத்த கதையில் மூன்று தரம் நிறுத்திக் கூட்டாகப் பாடுவதா? அலை நிற்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை. ஊரில் செத்த வீட்டில் கிழவிகள் ஒப்பாரி சொல்லும்போது மெட்டை மாற்றி நான் கேட்டதில்லை. மாறுவது சொல் மட்டும்தான்.

இந்தப் பாட்டு எனக்கு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன். 1989 குளிர்காலம், இங்கே வந்து மூன்று மாதம். நகர நடுவில் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். அடுப்புக்கு மேல் ஒரு வானொலிப் பெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது. தலைமைச் சமையல்காரர் ஏரிக்கரைத் துறைமுக ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். சத்தம் போடாமல் ஒரு வேலையும் செய்யத் தெரியாதவர். இந்தப் பாட்டு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வானொலியைக் கூட்டி வைப்பார். எனக்கு அப்போது ஆங்கிலம் ஓடாது. காதல் தோல்விப் பாட்டு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சிரிக்காதே. முதலில் பிடிபட்ட சொல் 'சமையல்காரர்'. அடுப்படியில் நிற்கிறவனுக்கு வேறு எந்தச் சொல் முதலில் காதில் விழும்?

கதை உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், 729 அடி நீளக் கப்பல். 1975 நவம்பர் 9ஆம் திகதி, விஸ்கொன்சினில் உள்ள சுப்பீரியர் துறைமுகத்திலிருந்து 26,000 தொன் இரும்புத்தாது உருண்டைகளோடு புறப்பட்டது. மறுநாள் மாலை, நீ ஜன்னலில் பார்க்கிற அதே சுப்பீரியர் ஏரியின் மறு கோடியில், வைட்ஃபிஷ் குடாவை எட்டுவதற்குப் பதினேழு மைல் இருக்கும்போது புயலில் மூழ்கியது. ஒருவரும் தப்பவில்லை.

இதைப் பாட்டாக்குகிறவன் அலையின் உயரத்தைச் சொல்வான், கப்டனின் முகத்தைச் சொல்வான் என்றுதான் எதிர்பார்ப்போம். லைட்ஃபுட் சமையல்காரரை மேல்தளத்துக்கு வரவைக்கிறார். இந்தக் கொந்தளிப்பில் உங்களுக்குச் சாப்பாடு தர முடியாது என்கிறார் அவர். அவ்வளவுதான். புயல் எவ்வளவு பெரியது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. எத்தனை நெரிசலிலும், கை வெந்தாலும், குசினியை மூடுகிறோம் என்று சமையல்காரன் வெளியே வந்து சொல்ல மாட்டான். அது எங்களுக்கு மானப் பிரச்சினை. அவன் வந்து சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஓர் அடிக்குப் பிறகு அதே மனிதர் திரும்ப வருகிறார், பழகியதில் சந்தோஷம் என்று விடைபெற. முதல் வருகை இல்லாவிட்டால் இரண்டாவது வெறும் நாடகமாகியிருக்கும்.

யாரும் தப்பாத கப்பலில் சமையல்காரர் சொன்னதைக் கேட்டுவந்து சொன்னது யார் என்று நீ மடக்குவாய். யாருமில்லை. அது லைட்ஃபுட்டின் கற்பனை. இன்னொன்றும் பிறகு வாசித்தேன்: வழக்கமான சமையல்காரர் உடல்நலமில்லாமல் கரையில் தங்கிவிட, அந்தப் பயணத்துக்கு வேறொருவர் பதிலுக்குப் போயிருந்தார். மற்றவனின் முறைக்கு நான் எத்தனை தரம் போய் நின்றிருக்கிறேன்! அதை வாசித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கற்பனை செய்யும் துணிவு அவருக்கு இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. கப்பல் மறைவதற்குச் சற்று முன், பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு கப்பல் வானொலியில் நிலைமையைக் கேட்டபோது கப்டன் சொன்ன கடைசி வார்த்தை பதிவாகியிருக்கிறது: சமாளித்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பாட்டுக்காரனுக்கும் கை துறுதுறுக்கும் வார்த்தை. பாட்டில் அது இல்லை. மூழ்கும் கணமும் இல்லை. விளக்குகள் கண்ணிலிருந்து மறைகின்றன, பிறகு கரைக்கு வந்துவிடுகிறோம்: மனைவிமார், மகன்கள், மகள்கள்.

ஏரி தன் பிணங்களைத் திருப்பித் தராது என்ற பழங்குடி மக்களின் சொல்லோடு பாட்டு தொடங்கி அதனோடே முடிகிறது. தாதியான உனக்கு அதன் காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் குளிரில் கிருமிகள் வேலை செய்வதில்லை, உடலில் வாயு சேர்வதில்லை, உடல் மிதந்து மேலே வருவதில்லை. காரணம் தெரிந்த பிறகும் அந்த அடி எனக்குக் குறையவில்லை. உனக்கு எப்படி என்று எழுது.

அவரை நான் பெரிதாக மதிப்பது இதற்கெல்லாம் பிறகு நடந்ததற்காக. டெற்றோயிற்றில் மாலுமிகளின் தேவாலயம் ஒன்று இருக்கிறது. கப்பல் மூழ்கிய மறுநாள் காலை அங்கே மணியை இருபத்தொன்பது தரம் அடித்தார்கள். பாட்டின் கடைசியில் வருவது அந்த மணிதான். அந்த இடத்தைப் பூஞ்சணம் பிடித்த பழைய மண்டபம் என்று பாடியிருந்தார். எங்கள் கோவிலில் பூஞ்சணம் இல்லையே என்று அங்கே கும்பிடுகிறவர் ஒருவர் குறைப்பட, மேடையில் பாடும்போது நாட்டுப்புறப் பாங்கான மண்டபம் என்று மாற்றிக்கொண்டார். இது சிறிய திருத்தம். பெரியது 2010இல். சரக்கறையின் மூடி உடைந்து தண்ணீர் உள்ளே வந்தது என்று பாட்டில் ஓர் அடி உண்டு. அந்த நாட்களில் அப்படித்தான் நம்பப்பட்டது. அப்படியென்றால் மூடிகளைப் பூட்டியவர்கள் கவனமில்லாமல் இருந்தார்கள் என்றாகிறது. அவர்கள் வீட்டாருக்கு ஒவ்வொரு தரமும் அது எப்படிக் கேட்டிருக்கும்! தவறு மாலுமிகளுடையது அல்ல என்று ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வாதிட்டபோது, மேடையில் அந்த அடியை எடுத்துவிட்டு வெறுமனே இருட்டிவிட்டது என்று பாடத் தொடங்கினார். முப்பத்துநான்கு வருடம் ஊரே மனப்பாடம் செய்திருந்த அடி. காசும் புகழும் வந்து முடிந்த பாட்டு. யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கலாம்.

கப்பல் கிளீவ்லன்டுக்குப் போனதாகப் பாட்டு சொல்கிறது. உண்மையில் போய்க்கொண்டிருந்தது டெற்றோயிற் பக்கம். அதனால் யாருக்கும் அவப்பெயர் இல்லை. நானும் மன்னித்துவிட்டேன்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். நீ அதைக் கைத்தொலைபேசியின் ஓட்டையில்தானே கேட்டாய்? அடியில் ஓடுவது பன்னிரண்டு தந்திக் கிற்றார். தந்திகள் சோடி சோடியாக இருக்கும். கீழ்ச் சுருதியின் நான்கு சோடிகளில் ஒன்றுக்கு மற்றது ஒரு ஸ்தாயி மேலே; மற்ற இரண்டு சோடிகளும் ஒரே சுருதி. இரண்டு தந்திகள் எவ்வளவு சேர்த்தாலும் மயிரிழை விலகியே நிற்கும். அந்த விலகலில்தான் அந்த மினுமினுப்பு. தம்புராவின் ரீங்காரத்துக்குக் கிட்டத்தட்ட உறவு. அதன்மேல் இன்னொரு கிற்றார் வந்து கூவிவிட்டுப் போகும். அம்மா அதைக் கடற்பறவை என்பாள். நான் கப்பலின் ஊதுகுழல் என்பேன். இருபது வருடமாகத் தீராத வழக்கு.

பதிவு நடந்தது 1975 டிசம்பரில், இதே ரொறன்ரோவில், கப்பல் போய் ஒரு மாதம் கழித்து. நாம் கேட்பது முதல் தரம் வாசித்ததே. மேளக்காரர் நான் எப்போது நுழைவது என்று கேட்டாராம். தலையசைப்பேன் என்றாராம் லைட்ஃபுட். கவனித்துக் கேள், நெடுநேரம் மேளமே இல்லை. பிறகு தடதடவென்று விழுகிறது. அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். பிறகு எத்தனை தரம் வாசித்தும் முதல் தரத்தின் அந்தத் தயக்கம் திரும்ப வரவில்லையாம். குரலை எவ்வளவு கிட்ட வைத்துப் பதிந்திருக்கிறார்கள் என்றால், சொற்களுக்கு இடையில் அவர் மூச்சு எடுப்பது எனக்குக் கேட்கிறது. அழுகைக் குரல் இல்லை. மரண அறிவித்தல் வாசிக்கிறவரின் நிதானம்.

இங்குள்ள மாசி ஹோல் இசையரங்கைத் திருத்தி 2021 நவம்பரில் மறுபடி திறந்தபோது முதலில் பாடியவர் அவர். அம்மாவும் நானும் மேல்வரிசையில் இருந்தோம். அப்போது 83 வயது. குரல் நூலாக இளைத்திருந்தது. பக்கத்தில் ஒருவர் பாவம் கிழவர் என்று முணுமுணுத்தார். எனக்கு அவரைக் குட்டவேண்டும் போலிருந்தது. 2023 மே மாதம் லைட்ஃபுட் காலமான மறுநாள் அதே டெற்றோயிற் தேவாலயத்தில் மணியை முப்பது தரம் அடித்தார்கள்.

என் இசைத்தட்டைப் பார்சலில் அனுப்புகிறேன். உறையில் மஞ்சள் கறை இருக்கும். அது என் குசினிக் கறை, துடைக்காதே. உன் வீட்டுச் சொந்தக்காரரிடம் தட்டு சுழற்றும் பெட்டி இருக்கிறது என்றாயே, கேட்டு வாங்கு. இரவு வேலை முடித்துவந்து, படுக்கப் போகுமுன், ஒரே ஒரு தரம் கேள்.

ஒவ்வொரு தொலைபேசியிலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன் என்று சலித்துக்கொள்கிறாய். சமையல்காரன் வேறு என்ன கேட்பான், மகள்?

அன்புடன்,
அப்பா