விடுமுறைக்குத் தைப்பிங் ஏரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரப் பிள்ளைகளுக்குப் பேரங்காடியும் கைப்பேசியும்தான். முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவியவள் நான். மரத்தடி அறியாமல் பிள்ளைகள் வளர்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. சென்ற மாதம் பேரப்பிள்ளைகள் மூவரையும் எங்கள் பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரின் ஏரிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன்.

ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்கள்தாம் 1880-இல் பூங்காவாக மாறின. பின்னால் புக்கிட் லாருட் மலை. கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி, நுனியால் தண்ணீரைத் தொடுகின்றன. வானம் கறுத்ததும் இலைகள் மடியத் தொடங்கின. "பாட்டி, மரம் தூங்கப் போகிறதா?" என்று கேட்ட சின்னவன், முதல் துளி நெற்றியில் விழும்வரை அண்ணாந்தே நின்றான். (தைப்பிங் மழை ஊரறிந்தது, குடையை மறக்க வேண்டாம்.) மழை விட்டதும் புளிச்சோற்றையும் நெத்திலிச் சம்பலையும் பிரித்தோம். வீட்டில் சோற்றைத் தொடாத பேத்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

விலங்குக் காட்சிசாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு பஸ்ஸாவது அமர்த்திப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டுகிறேன். துணைக்கு வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா