மரச்சட்ட வீடுகளைப் பார்க்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் பழைய ஊர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரை, மரச்சட்ட வீடுகளின் (மரக்கூடு கட்டி, இடைவெளிகளைக் களிமண் போன்றவற்றால் அடைத்த வீடுகளின்) மாடிகள் தெருவுக்குள் நீண்டு நிற்பதற்கு, தரையில் அடைத்த இடத்துக்கு மட்டும் விதித்த நிலவரியே காரணம் என்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் பலரும் சொல்லும் விளக்கம்தான். ஆனால் முக்கியக் காரணம் தச்சு வேலையில் இருக்கிறது.

குவெட்லின்பர்க் என்னும் ஊரில் வோர்ட்கசே தெருவின் 3ஆம் எண் வீட்டில் தொடங்கினால் இது எளிதில் விளங்கும். 1346-47ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த வீடு இப்போது மரச்சட்டக் கட்டுமான அருங்காட்சியகம். அதன் கால்கள், அதாவது நிமிர்ந்து நிற்கும் மரத்தூண்கள், தரையிலிருந்து கூரை விளிம்புவரை ஒரே மரம். அத்தனை நீள மரம் அரிதானபோது தச்சர்கள் ஒவ்வொரு மாடியையும் தனிச் சட்டமாகக் கட்டி அடுக்கினார்கள். கீழ்க்காலின் கழுந்துக்கும் (துளையில் செருகும் முனை) மேல்மாடியின் அடிச்சட்டத்துக்கும் (கால்கள் நிற்கும் கிடைமரம்) உத்திரத்தில் ஒரே இடத்தில் வெட்டினால் அந்த இடம் நலிந்துவிடும். உத்திர முனையை வெளியே நீட்டி அதன்மேல் மாடியை உட்காரவைத்தால் வெட்டுகள் விலகிவிடும். வெளிமுனையில் எடை அழுத்துவதால் அறையின் நடுவில் தளம் தொய்வதும் குறையும். கீழ்ச் சுவரில் மழை படாது. மேலே இடமும் கூடும். ஆனால் தெரு இருண்டது, தீ எதிர்வீட்டுக்கு எளிதாகத் தாவியது. அதனாலேயே பல நகர மன்றங்கள் இந்த நீட்டலுக்கு வரம்பு விதித்தன.

கோஸ்லார், குவெட்லின்பர்க் போன்ற வட ஊர்களில் வீட்டின் வயதை ஓரளவு தெருவில் நின்றே கணிக்கலாம். அடிச்சட்டத்தில் படிக்கட்டு போன்ற செதுக்கல் இருந்தால் ஏறக்குறைய 1500. விசிறி போல் விரியும் அரைவட்டங்கள் இருந்தால் 1530களுக்குப் பிறகு. பொறித்திருக்கும் ஆண்டை மட்டும் நம்ப முடியாது, முகப்பைப் புதுப்பித்தவர்களும் ஆண்டு பொறித்தார்கள். கால்களில் ரோமன் எண் போன்ற கீறல்கள் தெரியும். தச்சர்கள் சட்டத்தைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்தி, எண்ணிட்டு, பிரித்து, மனையில் மறுபடி கோத்து ஓக் முளை அடித்ததன் அடையாளம் அவை. வரிசை குலைந்திருந்தால் இடையில் மரம் மாறியிருக்கலாம், அல்லது வேறொரு வீட்டின் மரம் வந்திருக்கலாம்.

படத்தில் பளிச்சென்று தெரியும் வீடு நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சட்டங்களுக்கிடையே வரிச்சு கட்டி, வைக்கோல் கலந்த களிமண் அப்பி, சுண்ணாம்பு பூசுவதே பழைய முறை. மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும்போது விளிம்பில் மயிரிழை இடைவெளி விழும், அதில் மழைநீர் நுழையும். களிமண் அந்த ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் அதை உள்ளேயே அடைத்துவிடுகின்றன. மரத்தின் ஈரம் நீண்ட காலம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வெளிப்பூச்சு பளபளக்க, பின்பக்கம் மரம் பொடியாகும். பூச்சு மரத்தைவிட முன்னே துருத்தினாலும் கேடுதான், அந்த விளிம்பில் தண்ணீர் தங்கும். முதலில் அழுகுவது பெரும்பாலும் தரையை ஒட்டிய அடிச்சட்டம். காலப்போக்கில் தெரு மட்டம் உயர்ந்த இடங்களில் அது மேலும் விரைவாக நடக்கும்.

எது பழையது, எது மீண்டும் கட்டியது என்பதையும் கட்டுரை பிரித்துச் சொல்லவில்லை. மதில் சூழ்ந்த ரோத்தன்பர்க் ஊரின் கிழக்குப் பகுதி 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் அழிந்தது. அங்கே மதில்மேல் நடப்பவர்கள் சுவரிலுள்ள பெயர்க்கற்களைப் படிக்க வேண்டும். மதிலை மீட்டுக் கட்டப் பணம் தந்தவர்களின் பெயர்கள் அவை. ஹில்டெஸ்ஹைம் நகரின் கசாப்புக்காரர் சங்க மாளிகை 1529இல் எழுந்து, 1945 மார்ச் 22இல் எரிந்து, 1987-89இல் ஓக் மரத்தாலேயே மீண்டும் கட்டப்பட்டது. அதை நகல் என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. மறக்கவிருந்த தச்சு முறைகளை ஒரு தலைமுறை மீண்டும் கையில் எடுத்த வேலை அது.

பயணத்தைத் திட்டமிடுவோருக்கு ஒரு குறிப்பு: செப்டம்பரின் இரண்டாம் ஞாயிறு ஜெர்மனியில் நினைவுச் சின்னங்களின் திறந்த நாள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல வீடுகளின் பரண்வரை அன்று ஏறிப் பார்க்கலாம். கூரைச் சட்டம் மூடப்படாமல் தெரிவது அங்கேதான்.

அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் வீடு கட்டிய ஆண்டையும், மீண்டும் கட்டியதாயின் அந்த ஆண்டையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்,
ஹனோவர்