புள்ளிப் பட்டியலில் ஒரு சிக்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பைக் கூடைப்பந்துச் செய்திகளில், இரு அணிகள் சமமாக நின்றால் மொத்தப் புள்ளி வித்தியாசம் பார்த்து இடம் தந்துவிடுகிறார்கள். கிரிக்கெட் ரன் விகிதப் பழக்கம்! ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி, அவ்விரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் வென்றதே மேலே. மூன்று அணிகள் சமமென்றால், அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்துத் தனிப் பட்டியல் போட வேண்டும். பிரிவிலுள்ள நான்காவது அணியை 50 புள்ளி வித்தியாசத்தில் வென்றது அதில் சேராது. பட்டியலில் வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1, ஆட வராவிட்டால் 0.

2024-இல் மெக்சிகோவில் நடந்த இப்போட்டியில் 16 அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போயின. பிறகு எதற்குப் பிரிவு ஆட்டம்? கடைசி இடமென்றால் எதிரே இன்னொரு பிரிவின் முதலிடம். அது அமெரிக்காவானால் கோப்பைக் கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

– கூடைப்பந்து நடுவர் ஒருவர்