டத்தோ சொன்ன நாவலும் கடைக்காரர் சொன்ன நாவலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்துவிட்டது, ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நீ சியாட்டிலிலிருந்து அனுப்பிய புத்தகப் பட்டியல் வந்தது. போனில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால் அண்ணனிடம் சொல்லி ஆபீஸிலிருந்து பிரின்ட் எடுத்து வரச் செய்தேன். "இதில் எது வேண்டும் சொல், பிறந்த நாளுக்கு வாங்கி அனுப்புகிறேன்" என்று ஒரு வரியில் கேட்டிருந்தாய். பதில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று அண்ணன் போட்டுக் கொடுத்துவிட்டான். அதனால்தான் கடிதம். இதை வேகமாக ஓட்ட முடியாது.

பட்டியலை யார் போடுகிறார்கள் என்று அவனைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அமெரிக்கப் புத்தகக் கடைக்காரர்களுக்கு 1900-இலேயே ஒரு சங்கம் இருந்திருக்கிறது. பெரிய கம்பெனிகளின் கிளையாக இல்லாமல் சொந்தமாகக் கடை நடத்துகிறவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். புதுப் புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே பதிப்பகத்தார் இவர்களுக்கு முன்பிரதி கொடுத்துவிடுகிறார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் அதைப் படித்து, பிடித்திருந்தால் ஏன் பிடித்தது என்று சில வரி எழுதி அனுப்புகிறார்கள். நிறையப் பேர் கைதூக்கியவை அந்த மாதப் பட்டியலில் ஏறுகின்றன. 1999-இல் தொடங்கியபோது 'புக் சென்ஸ் 76' என்று பெயர், இப்போது 'இண்டி நெக்ஸ்ட்'. நீ அனுப்பியது அதுதான்.

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே எழுதினவரின் பெயர், கடையின் பெயர், ஊர் பெயர் மூன்றும் போட்டிருக்கிறார்கள். புத்தகம் மோசமாக இருந்தால் அந்தக் கடைக்கே போய், "என்ன நம்பி இதைச் சொன்னீங்க?" என்று கேட்கலாம். ஆன்லைன் கடையில் யாரைக் கேட்பது? அண்ணன் கணக்கில் ஒரு தடவை பிரஷர் குக்கருக்கு கேஸ்கெட் தேடினேன். அன்றிலிருந்து நான் வாசிக்க வேண்டிய புத்தகமெல்லாம் சமையல் புத்தகம்தான் என்று அது முடிவு கட்டிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பட்டியலில் பாதிப்பேர் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். கீழே வைக்க முடியவில்லை, அழுதுவிட்டேன், மனதை உருக்கியது, இந்த வருடத்தின் சிறந்த நாவல். மாதா மாதம் இந்த வருடத்தின் சிறந்த நாவல் வந்தால் எப்படி? அவற்றையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டேன். கதையில் யார், என்ன சிக்கல், யாருக்குப் பிடிக்கும், எங்கே கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டும் என்று சொன்னவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். சிலபேர்தான் தேறினார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் எனக்கு வேண்டியவர்கள்.

எனக்கு நாவல் வாசிக்கப் பழக்கிவிட்டது பள்ளிக்கூடம் இல்லை, உனக்குத் தெரியும். இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்த்த காலத்தில் பேக்டரி பஸ்ஸில் வாசித்ததுதான். புத்தகம் வாங்கியது லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னக் கடையில். முன்னால் ஊதுபத்தி, கற்பூரம், நாள்காட்டி. உள்ளே தள்ளி ஒரு அலமாரி நிறைய மாத நாவலும் தடித்த நாவலும். அந்தக் கடை அண்ணன் அதிகம் பேச மாட்டார். ஆனால் யார் எதை வாங்கிப் போனார்கள், திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் தலைக்குள் இருந்தது. நான் ஒன்றை எடுத்தால், "இது உனக்கு வேணாம்மா, நைட் ஷிப்ட் முடிஞ்சு வாசிச்சா தூக்கம் வந்துடும்" என்று வாங்கி வைத்துவிடுவார். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்னாரே, அதனால்தான் வேறொரு நாள் அவர் ஒன்றை எடுத்து நீட்டியபோது விலையைக்கூடக் கேட்காமல் வாங்கினேன். உன் ஊர்க் கடைக்காரர்கள் சங்கம் வைத்துச் செய்வதை அவர் தனியாளாகச் செய்தார். இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள்.

அவரை விட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் இருந்தது. 'தமிழ் நேசன்' 1924-இலிருந்து வந்தது, 2019-இல் நின்றுபோனது. ஞாயிறு பதிப்பில் சிறுகதை வரும், வாசகர் கடிதத்தில் அதைப் பற்றிச் சண்டையும் வரும். சண்டையைப் பார்த்துத்தான் பல பெயர்கள் எனக்குத் தெரிந்தன.

இப்போது நமக்கு மிச்சம் இருப்பது வெளியீட்டு விழா. நீ போய் நாளாகிவிட்டது, மறந்திருப்பாய். பட்டர்வொர்த்தில் ஒரு நாவல் வெளியீட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் ஆயிற்று. சிறப்பு விருந்தினர் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர், அவர் வரத் தாமதம், அதனால் இன்னொரு வாழ்த்துரை. டத்தோ வந்தார். தமிழ் எவ்வளவு இனிமையானது என்று நெடுநேரம் பேசினார். வேலைப் பளுவால் நாவலைப் படிக்க முடியவில்லை, ஆனால் அட்டை மிக அழகாக வந்திருக்கிறது என்றார். முதல் பிரதியை வாங்கிக்கொண்டார். அப்புறம் நாங்களெல்லாம் அங்பாவ் உறையில் பணம் வைத்து வரிசையில் நின்றோம், ஆளுக்கொரு புத்தகம், ஒரு போட்டோ. மீஹூன் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம். கதை என்ன என்று மேடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை!

எழுதினவரைக் குறை சொல்லவில்லை. அச்சுக்குக் கைக்காசு போட்டவர் அவர். அந்த உறைகள் வராவிட்டால் அடுத்த புத்தகம் இல்லை. ஆனால் உறை கொடுத்தவர்கள் எல்லோரும் கடமை முடிந்தது என்று புத்தகத்தை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், அதைத்தான் சொல்கிறேன். மலாயாவில் தமிழ் நாவல் 1917-இலேயே வந்துவிட்டது. க. வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. நூறு வருஷம் தாண்டியும் நமக்கு எழுத ஆள் இருக்கிறது, அச்சடிக்க ஆள் இருக்கிறது, மாலை போடவும் ஆள் இருக்கிறது. படித்துவிட்டு, "இது உனக்குப் பிடிக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல ஆள் குறைவு. டத்தோ சொல்லி நான் ஒரு நாவலும் வாசித்து முடித்ததில்லை, பாப்பா.

அதனால் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. நூலகத்தில் தமிழ் நாவல் எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு சீட்டு வைத்துவிடுகிறேன். அதில் எப்படி எழுதுகிறேன் என்று காட்ட அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலுக்கு எழுதியதைத் தருகிறேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு மரண ரயில் பாதை போடப் பிடித்துப் போன நம் ஆட்களின் கதை அது.

"சயாமுக்குப் போனவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதைப் படியுங்கள். காடு, காய்ச்சல், சாவு எல்லாம் வரும், அதனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உரக்கப் படித்துக் காட்டுங்கள், அவர்கள் விட்ட இடத்தைச் சொல்வார்கள்."

உன் தாத்தாவின் அண்ணன் அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். 415 கிலோமீட்டர் தண்டவாளம், போட்டவர்களில் எத்தனையோ பேர் அங்கேயே கிடக்கிறார்கள். நாவலைப் படிக்கும்வரை தாத்தா ஏன் ரயிலில் ஏற மாட்டேன் என்றார் என்று எனக்குப் புரியவில்லை. சீட்டில் இதை எழுதவில்லை. மூன்று வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வேடிக்கை கேள். ஒரு துப்பறியும் நாவலில், "கடைசிவரை கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியாது" என்று எழுதி வைத்திருந்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தபோது கீழே வேறொரு கையெழுத்தில், "பொய். பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் படிக்கலாம்" என்று இருந்தது. யார் என்று தெரியவில்லை. நீல பேனா, பெண் கையெழுத்து மாதிரி இருக்கிறது. அவள் வேறு எதைப் படிக்கிறாள் என்று தெரிந்தால் நானும் அதையே எடுப்பேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

போன தடவை நீ வாங்கித் தந்த 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' படித்து முடித்தேன். டான் டுவான் எங் பினாங்கில் பிறந்தவர், அந்த நாவல் 2023-இல் புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது, எல்லாம் பெருமைதான். 1921-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் இங்கே வந்து தங்குவது, 1910-இல் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் இங்கே இருந்தது, கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரி மேல் நடந்த கொலை வழக்கு, இதையெல்லாம் சேர்த்துப் பின்னியிருக்கிறார். நான் தினமும் நடக்கிற தெருக்கள் வருகின்றன, அதற்காகவே மெதுவாகப் படித்தேன். என் ஆங்கிலத்துக்கு எப்படியும் மெதுவாகத்தான் போகும், அது வேறு விஷயம். ஆனால் கதை பெரும்பாலும் வெள்ளைக்காரர் வராந்தாவிலிருந்து பார்க்கிற பினாங்கு. நம் ஆள் யாரும் கதையின் நடுவில் இல்லை. அது குறை என்று சொல்லவில்லை, அவருடைய கதை அது. யாராவது கேட்டால், "பழைய பினாங்கு பிடிக்குமென்றால் வாங்கு, உன் பாட்டியைத் தேடாதே" என்பேன்.

அதனால் இந்தத் தடவை இரண்டு. பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் ஒன்றை வட்டம் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், பெயரை எழுதினால் ஸ்பெல்லிங் தப்பும். அதற்கு எழுதிய கடைக்காரர், முதல் பகுதி நகராது, மாமியார் வந்ததும் சூடு பிடிக்கும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அவரை நம்புகிறேன். இன்னொன்று பட்டியலில் இல்லை. கர்நாடகாவின் பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதிய பன்னிரண்டு கதைகள், தீபா பாஸ்தி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது, 'ஹார்ட் லேம்ப்'. 2025-இல் சர்வதேச புக்கர் வாங்கியது. சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு அதுதான் முதல் தடவை. அதைப் போட்டதும் ஷெஃபீல்டில் இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகம்தான். பரிசுக்காகக் கேட்கவில்லை. ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா, "உங்கள் வீட்டுப் பெண்களும் எங்கள் வீட்டுப் பெண்களும் இதில் இருக்கிறார்கள்" என்றார். அது போதும்.

இதை பீச் ஸ்திரீட்டில் ஹிகாயத் கடையிலேயே கேட்டு வாங்கலாம்தான். நம் ஊர்க் கடைக்கும் வியாபாரம் ஆகும். அப்படியென்றால் நீ பணத்தை அண்ணனுக்கு அனுப்பு, அவன் வாங்கி வருவான். முதலில் சொன்னதை மட்டும் நீ அங்கிருந்து அனுப்பு.

அதை வாங்க உன் ஊர் எலியட் பே புத்தகக் கடைக்கே போ. 1973-இலிருந்து இருக்கிற கடை, அலமாரியில் அவர்களே கைப்பட எழுதி ஒட்டுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். அங்கே இருப்பவர்களிடம் ஒன்று கேட்டு வை. பினாங்கில் பேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் அம்மா, ஆங்கிலம் மெதுவாகப் படிப்பார், குடும்பச் சண்டை பிடிக்கும், நாய் சாகிற கதை பிடிக்காது, அவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்று. என்ன சொல்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். பேர் மட்டும் சொன்னால் போதாது, ஏன் என்றும் கேட்டு வா.

தபால் செலவு நான் தருகிறேன், வேண்டாம் என்று ஆரம்பிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா