தபசு மரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்

கயல் கண்ணு,

நீ அனுப்பிய ஐந்து அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். அம்மா மூன்றாவதிலேயே தூங்கிவிட்டாள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மந்திரவாதி கோலை நீட்டினால் நகரம் சாம்பலாகிறது, அவன் தங்கை கையைத் தூக்கினால் அதே நகரம் எழுந்து நிற்கிறது. படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்காக இரண்டு பேரும் எதையும் இழக்கவில்லையே? எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

மகாபாரதத்து அஸ்வத்தாமனைப் பார். ஒரு புல்லைக் கிள்ளி மந்திரம் சொல்லி பிரம்மசிரசு அஸ்திரமாக ஏவுகிறான். பதிலுக்கு அர்ஜுனனும் அதையே விடுகிறான். வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நின்று, திரும்ப வாங்கச் சொல்கிறார்கள். விரதம் காத்தவன் என்பதால் அர்ஜுனனால் முடிந்தது. அஸ்வத்தாமனுக்கு ஏவத்தான் தெரியும், அடக்கத் தெரியாது. எங்காவது விழுந்தாக வேண்டுமே, பாண்டவர் வீட்டுக் கர்ப்பத்தின் மேல் திருப்பிவிடுகிறான். அர்ஜுனன் மருமகள் உத்தரைக்குச் செத்துப் பிறந்த பிள்ளையைக் கிருஷ்ணர் பிழைக்க வைக்கிறார், அவன்தான் பரீட்சித்து. அஸ்வத்தாமன் தலை மணியையும் கொடுத்துவிட்டு, 3000 வருஷம் தனியாக அலையும் சாபத்தோடு போகிறான். உன் மந்திரவாதிக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

அப்புறம், நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தோடு நடக்கும் அக்னி வசந்த விழாவில், அர்ஜுனன் தவத்துக்கென்று நடுகிற அந்த உயரமான தபசு மரம் பார்த்திருக்கிறாய் அல்லவா? அர்ஜுனன் வேஷம் கட்டினவர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். கேட்கப் போவது பாசுபதம், உலகத்தையே அழிக்கிற ஆயுதம். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் வீசுவார். கீழே பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு முந்தானையை விரித்துக் காத்திருப்பார்கள். ஒரு பழம் மடியில் விழுந்துவிடாதா என்று அண்ணாந்து பார்க்கிற அந்த முகங்களை நீ எழுதியே ஆகவேண்டும். மேலே சம்ஹாரத்துக்குத் தவம், கீழே பிள்ளை வரம், நடுவில் ஒரே மரம். கடைசி நாள் படுகளத்திலும் அப்படித்தான். மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்தைப் பீமன் வேஷக்காரர் தொடையில் அடித்து முடித்ததும், வீட்டில் தானியம் பெருகும் என்று அந்த மண்ணில் ஒரு பிடிக்கு ஜனம் முண்டியடிக்கும்.

அதனால் அண்ணனிடம் அழிவு, தங்கையிடம் ஆக்கம் என்று பாகம் பிரிக்காதே. இரண்டும் ஒருத்தியிடமே இருக்கட்டும். நாலாவது அத்தியாயத்தில் அவள் நகரத்தை மீட்கட்டும், ஆனால் கிணறுகள் மட்டும் திரும்ப வராமல் போகட்டும். பாலாற்றில் வெறும் மணலைப் பார்த்து வளர்ந்தவள் நீ. தண்ணி இல்லாத ஊரை உன்னைவிட யார் எழுதிவிடப் போகிறார்கள்?

ஆறாவது முடிந்ததும் அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை, கண்ணாடி போட்டும் கஷ்டமாக இருக்கிறது.

நைனா
வேலூர்