டீச்சருக்கு ஒரு கடிதம்: அந்த +6 போட்டவர் யார்?

அன்புள்ள டீச்சர்,

தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர் ஏரியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையின் தலையில் ஒருவர் ‘சான்றில்லை’ என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்து ‘அழகிய’, ‘புகழ்பெற்ற’, ‘எங்கள்’ என்ற மூன்று சொற்களை உருவி எடுத்தார். மூன்றாமவர் ஒரே ஒரு ஒற்றைச் சேர்த்துவிட்டு வாய் திறக்காமல் நகர்ந்துவிட்டார். “இங்கே யாருக்கும் ஒரு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாதா?” என்று உங்கள் பேச்சுப் பக்கத்தில், அதாவது உரையாடலுக்கென்று உள்ள பக்கத்தில், கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கோபம்தான். பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் யாரும் இப்படி வந்து உங்கள் நோட்டில் கைவைத்துவிட்டுப் பேசாமல் போகமாட்டார்கள். ஆனால் இங்கே பழக்கம் தலைகீழ். பேசிப் பழகியபின் வேலையில் சேர்வதில்லை. வேலையில் சேர்ந்து சேர்ந்துதான் பேச்சு வரும். உங்கள் கட்டுரையைத் தொட்ட மூவரில் உங்களுக்கு நாளைக்கு நண்பராகப் போகிறவர் பெரும்பாலும் அந்த மூன்றாமவர்.

‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும், அதாவது ஒருவர் செய்து சேமித்த மாற்றத்துக்கும், பக்கத்தில் பச்சையிலோ சிவப்பிலோ ஓர் எண் இருக்கும். கட்டுரை எத்தனை பைட் கூடியது, குறைந்தது என்பதன் கணக்கு அது. கணினிக்குள் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘க’ ஒரு குறி, மேலே வைக்கும் புள்ளி இன்னொரு குறி. ஆக, ‘க்’ என்றால் ஆறு. ‘ஏரி கரை’ என்று நீங்கள் எழுதியதை ஒருவர் ‘ஏரிக் கரை’ ஆக்கினால் +6. தேவையில்லாத இடத்தில் போட்ட ஒற்றை எடுத்தால் −6. விட்டுப்போன ஒரு துணைக்காலைச் சேர்த்தால் +3. வெறும் 0 என்று வந்தால் அநேகமாக ஓர் எழுத்தை எடுத்து இன்னோர் எழுத்தை வைத்திருக்கிறார்கள்: ‘ஏறி’ ஏரியாகியிருக்கும், ‘பல்லி’ பள்ளியாகியிருக்கும். பழகியவர்கள் எண்ணைப் பார்த்தே யார் என்ன செய்திருப்பார் என்று ஊகித்துவிடுவார்கள். தினமும் சாப்பிட்டபின் பத்துக் கட்டுரைகளில் +6 போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வணக்கம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் உங்கள் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஆள் அந்த மூன்றாமவர்தான். முகமன் சொல்லிவிட்டுப் படிக்காமல் போகிறவரைவிட இவர் எனக்கு உசத்தி.

அடுத்து, உங்கள் கேள்விக்கு ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்ற விஷயம். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. பேச்சுப் பக்கத்தில் எழுதி முடித்ததும் ~ என்ற அலைக்குறியை நான்கு முறை தட்டவேண்டும். சேமித்தவுடன் அது உங்கள் பெயராகவும் நேரமாகவும் மாறிவிடும். மூன்று தட்டினால் பெயர் மட்டும் வரும், ஐந்து தட்டினால் நேரம் மட்டும். ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து எழுதினால் அவருக்கு அறிவிப்பு போகும் என்று நினைத்திருப்பீர்கள். போகும், ஆனால் அவர் பயனர் பக்கத்துக்கு இணைப்பாக எழுதிய பெயரும் உங்கள் கையெழுத்தும் ஒரே தொகுப்பில் சேமிக்கப்பட்டால் மட்டும். முதலில் எழுதிச் சேமித்துவிட்டு, ‘அடடா’ என்று பிறகு வந்து கையெழுத்தை மட்டும் ஒட்டினால் அறிவிப்பு மணி அடிக்காது. அவர் பார்க்கவே மாட்டார். நீங்கள் அவர் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே முறிந்த பல பழக்கங்களின் வேர் இந்த மாதிரி ஒரு அடிக்காத மணிதான். பேச்சுப் பக்கத்தில் பதிலளிக்கும் பொத்தானை அழுத்தி எழுதினால் கையெழுத்து தானே விழும், அதனால் தொடக்கத்தில் அதையே பயன்படுத்துங்கள். பதிலுக்குப் பதில் எழுதும்போது வரித் தொடக்கத்தில் முக்காற்புள்ளி வைத்து உள்ளே தள்ளி எழுதுவது வழக்கம். அவர் ஒன்று வைத்திருந்தால் நீங்கள் இரண்டு. யார் யாருக்குச் சொன்னார் என்று ஐந்து வருடம் கழித்துப் படிப்பவருக்கும் தெரியவேண்டும் அல்லவா.

கையெழுத்தோடு வரும் நேரம் நம் கடிகார நேரம் இல்லை. உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 16:30 என்று இருந்தால் நமக்கு இரவு 10 மணி. இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், உங்களோடு வேலை செய்கிறவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. இரவு 10-க்கு நீங்கள் கேள்வி போடும்போது இலங்கையிலும் அதே 10 மணி, சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி 12:30, சிட்னியில் பின்னிரவு, டொராண்டோவில் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருப்பார். உங்களுக்கு உடனே பதில் சொல்ல விழித்திருப்பவர் அந்த டொராண்டோக்காரர் மட்டுமாக இருக்கலாம், அவருக்கு உங்கள் மாவட்டத்து ஏரி பற்றி ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஒரு முழு நாள் பொறுங்கள். இரண்டு நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் ஆலமரத்தடியில் போய்க் கேளுங்கள். பொதுப்பேச்சுக்கான பக்கத்துக்கு இங்கே அதுதான் பெயர். மரத்தடியில் போட்ட கேள்வி யார் கண்ணிலாவது படும்.

இந்தக் கூட்டம் தொடக்கத்திலிருந்தே இப்படிச் சிதறிக் கிடந்ததுதான். 2003 செப்டம்பரில் தளம் தொடங்கியபோது ஆள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அந்த ஆண்டின் கடைசியில் சேர்ந்து, ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதிய மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், வேலை பார்த்தது அமீரகத்தில். அவருக்கு 2015-க்கான இயல் விருது தந்தது கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம். கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டது 2017-இல். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் உங்களைப் போன்ற ஆசிரியர்கள் பயிற்சி பெற்று நிறையப் பேர் உள்ளே வந்தார்கள்.

பல ஊர்த் தமிழ் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எழுத்துச் சண்டை வரும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அடுத்த கோபம் இங்கேதான் வரப்போகிறது.

நீங்கள் ‘ஜெர்மனி’ என்று எழுதுவீர்கள். கிரந்த எழுத்தைத் தவிர்க்க விரும்பும் ஒருவர் ‘செருமனி’ என்பார். ஈழத்து வழக்கில் எழுதுகிறவர் ‘யேர்மனி’ என்று எழுதியிருப்பார். நான் சற்றுமுன் ‘டொராண்டோ’ என்றேன். அந்த ஊரிலேயே வாழும் ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார், அவர்கள் நாவில் அதை அப்படியே சரியாக வாசிப்பார்கள். நமக்கு ‘ரயில்’, அவர்களுக்குத் ‘தொடருந்து’. நமக்கு நாற்காலி, அவர்களுக்குக் கதிரை. இதில் பிழை என்று ஒன்று கிடையாது. பிழை எங்கே நடக்கிறது என்றால், ஒருவர் எழுதிய கட்டுரைக்குள் புகுந்து அவர் வழக்கை முழுக்கத் தன் வழக்காக மாற்றி, காரணம் எழுதும் பெட்டியில் ‘பிழை திருத்தம்’ என்று போடுவதில். அது திருத்தம் இல்லை, குடியேற்றம். நல்ல நண்பர்களாக இருந்த இருவர் ஒரு ‘ஸ்’-க்காக மாதக்கணக்கில் ஒருவர் பக்கத்தை ஒருவர் தொடாமல் இருப்பதெல்லாம் இங்கே நடக்கும்.

பழகியவர்கள் செய்வது இது. கட்டுரையைத் தொடங்கியவர் எந்த வழக்கில் தொடங்கினாரோ உள்ளே அதையே பின்பற்றுவார்கள். மற்ற எழுத்துக்கூட்டல்களுக்கு வழிமாற்றுப் பக்கம் போட்டுவிடுவார்கள்: புதுப் பக்கம் ஒன்று திறந்து, #வழிமாற்று என்று எழுதி, பக்கத்தில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் உண்மைத் தலைப்பு. அரை நிமிட வேலை. எந்த ஊர்க்காரர் எப்படித் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்து சேர்வார். முதல் வரியில் ‘நாற்காலி அல்லது கதிரை’ என்று இரண்டையும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. தலைப்பையே மாற்றவேண்டும் என்று தோன்றினால் நேரே நகர்த்திவிடாதீர்கள். அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேட்டு, நாலைந்து நாள் விடுங்கள். யாரும் எதிர்க்கவில்லையென்றால் நகர்த்துங்கள். கேட்காமல் நகர்த்தினால், நீங்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும், திரும்ப நகர்த்தப்படும்.

தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சுருக்கப் பெட்டி இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். ஒரு காலத்தில் அதற்கு அளவு 255 பைட். தமிழில் 85 குறிக்குள் கதையை முடிக்கவேண்டும், பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும். 2018 முதல் 500 எழுத்து வரை இடம் தருகிறார்கள். இடம் இருந்தும் காலியாக விட்டு ஒருவர் எழுதியதைப் பழையபடி ஆக்கினால், அது வாசற்கதவை முகத்தில் சாத்துகிற மாதிரி. ‘ஆண்டு தவறு, பக்கம் 42 பார்க்க’ என்று நாலு சொல் போட்டால் அதே செயல் உரையாடலாகிவிடும். உங்கள் தொகுப்பை ஒருவர் பழையபடி ஆக்கினால் நீங்கள் மறுபடி மாற்றாதீர்கள். ஒருமுறை நீங்கள், ஒருமுறை அவர், அதோடு பேச்சுப் பக்கம். மூன்றாவது முறை போனால் நிர்வாகி வந்து கட்டுரையைப் பூட்டுவார், அதுவும் உங்களுக்குப் பிடிக்காத வடிவத்தில்தான் பூட்டப்பட்டிருக்கும். அது ஏனோ எப்போதும் அப்படித்தான்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறந்தால் தொகுத்தல் முரண் வரும். பின்னால் சேமிக்கிறவர் எழுதியது திரையில் கீழே கிடக்கும்; பதற்றத்தில் பக்கத்தை மூடினால் ஒரு மணி நேர உழைப்பு போய்விடும். நீளமாக எழுதப்போகிறீர்கள் என்றால் உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பார்க்கும் சோதனைப் பக்கத்தில், எழுதிக் கொண்டுவந்து ஒட்டுங்கள். இல்லையென்றால் வேலை நடக்கிறது என்று அறிவிக்கும் வார்ப்புருவை, அதாவது ஆயத்தப் பலகையை, தலையில் போடுங்கள். அதைப் பார்த்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், மூன்று மாதம் அப்படியே தொங்கவிட்டால் மரியாதை போய்விடும்.

பாராட்டு விஷயத்தில் இங்கே மூன்று வழி. பேச்சில் ஒருவர் சொன்னது பிடித்திருந்தால் கட்டைவிரல் படத்தோடு ‘விருப்பம்’ என்று போடுவார்கள். கேட்ட வேலையை முடித்தால் ‘ஆயிற்று’. கட்டுரை வரலாற்றில் ஒவ்வொரு தொகுப்புக்கும் அருகில் ‘நன்றி’ இருக்கும். அழுத்தினால் அவருக்கு மட்டும் செய்தி போகும். யார் யாருக்கு நன்றி சொன்னார் என்பது பொதுப் பதிவேட்டில் தெரியும், எதற்காக என்பது தெரியாது. அதனால் சண்டைக்காரரோடு சமாதானமாகப் போக இதைவிட நல்ல வழி கிடையாது: ஆலமரத்தடியில் விட்டுக்கொடுக்காமலும் இருக்கலாம், அவர் போட்ட ஒரு நல்ல சான்றுக்கு ஓசையில்லாமல் நன்றி அழுத்தவும் செய்யலாம். பதக்கம் என்று ஒன்றும் உண்டு. கொடுத்தால் எதற்கு என்று எழுதிக் கொடுங்கள். ‘தங்கள் அரும்பணிக்கு’ என்று பொதுவாகப் போட்ட பதக்கத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை.

வாட்சப் குழுவில் உங்களைச் சேர்ப்பார்கள். சேருங்கள், காலை வணக்கப் படங்களைச் சகித்துக்கொள்ளுங்கள், அவசர உதவி அங்கேதான் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஒரு கட்டுரையை நீக்குவதா வைப்பதா என்று அங்கே முடிவு செய்தால் அது செல்லாது. குழுவில் இல்லாதவருக்குத் தெரியாமல் நடந்தது என்ற குறை கடைசிவரை இருக்கும். மரத்தடிக்குக் கொண்டுவந்து எழுதவேண்டும். இன்னொன்று: குழுவில் ஒருவரின் சொந்தப் பெயரும் வேலையும் உங்களுக்குத் தெரியவரலாம். தளத்தில் அவர் புனைபெயரில் இருந்தால் அங்கே அந்தப் புனைபெயர்தான். அரசு வேலையில் இருக்கிறவர்கள், பெண்கள், பலருக்கும் காரணம் இருக்கும். உங்கள் கைப்பேசி எண்ணையும் பேச்சுப் பக்கத்தில் போடாதீர்கள். போட்டபின் அழித்தாலும் பழைய பதிப்பில் கிடக்கும்; ஒரு நிர்வாகியிடம் கேட்டு அந்தப் பதிப்பையே மறைக்கச் சொல்லவேண்டும்.

சரி, உங்கள் ஏரிக்கு வருகிறேன். பலகையை நீங்களே கழற்றாதீர்கள். மாட்டியவர் பேச்சுப் பக்கத்தில், ‘வணக்கம். எந்தெந்த வரிக்குச் சான்று வேண்டும்?’ என்று கேட்டுக் கையெழுத்திடுங்கள். பரப்பளவு, ஆயக்கட்டு, மதகுகளின் எண்ணிக்கை, இந்த மூன்றுக்கும் அரசு ஆவணமோ செய்தித்தாளோ புத்தகமோ வேண்டும். நாள், பக்க எண்ணோடு. ஊர்ப் பெரியவர் சொன்னது என்றால் அது நூலில் ஏறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். செய்தியை அப்படியே வெட்டி ஒட்டினால் பதிப்புரிமை மீறல் என்று மொத்தமும் நீக்கப்படும், உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

மதகில் கல்வெட்டு இருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதைப் படமெடுத்து, விக்கிப்பீடியாக்களுக்கான படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றுங்கள். காலை 8 மணிக்கு முன்னாலோ மாலை 4-க்கு மேலோ போங்கள், வெயில் பக்கவாட்டில் விழவேண்டும். உச்சி வெயிலில் வெட்டெழுத்து எதுவும் தெரியாது. கல்லின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள், தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போதும். முழுக் கல்லையும் ஒன்று, வரி வரியாக நெருங்கி நாலைந்து. பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கேமரா கொடுத்த எண்ணை விட்டுவிட்டு ஊர், ஏரி, மதகு, ஆண்டு என்று எழுதுங்கள். ஏற்றியதும் மரத்தடியில் ஒரு வரி போடுங்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். வணக்கம் சொல்லமாட்டார். மறுநாள் உங்கள் கட்டுரையில் பச்சையில் பெரிய எண் ஒன்று தெரியும்.

அன்புடன்,
~~~~